செயலாளர் ஆண்டறிக்கை 2025-26: நம்ம ரேடியோ

எல்லாருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஸ்தோத்திரம்.

போன பொதுக்குழுவுல முக்கால்வாசி பேச்சு நேரப் பங்கீடு பத்தியே போச்சு, ஞாபகம் இருக்கும். தேவாரத்துக்கு அரைமணி, பைபிளுக்கு அரைமணி, மார்க்க சொற்பொழிவுக்கு அரைமணின்னு பிரிச்சு வச்சிருந்தோம், அவங்கவங்க நிகழ்ச்சி முடிஞ்சதும் ரேடியோவ ஆஃப் பண்ணிட்டு போயிட்டாங்க. இந்த வருஷம் அத விட்டுட்டோம். நிலையம் வளந்திருக்குன்னா அதனாலதான்னு நான் நம்பறேன்.

முதல்ல சத்துவாச்சாரி தாத்தா ஒருத்தர் வந்து பேசுனாரு. அவங்க ஊர்ல இருந்த ஜலகண்டேஸ்வரர் லிங்கத்த 1981ல வேலூர் கோட்டை கோயிலுக்கு கொண்டுபோனத சொல்ல ஆரம்பிச்சவரு, நடுவுல தொண்டை அடைச்சு கொஞ்ச நேரம் பேசவே இல்ல. எடிட்டிங் பண்ற நம்ம பாய் வீட்டு பொண்ணு ஹெட்போன கழட்டாம, "அண்ணே, இந்த எடத்த வெட்ட வேணாம், அப்டியே விடுங்க"ன்னுச்சு. விட்டோம். மறுநாள் வந்த போன்ல பாதி, கோயிலுக்கே போகாதவங்க வீட்டுலேருந்து.

அப்புறம் பிப்ரவரி. 15 மகா சிவராத்திரி, 18 கிறிஸ்தவங்க தவக்காலம் தொடங்கற சாம்பல் புதன், அதே வாரத்துல ரம்ஜான் நோன்பும். யாருக்கு எந்த நேரம்னு உக்காந்து மண்டைய உடைச்சிக்காம மூணு வீட்டு அம்மாங்களையும் ஒரே மைக் முன்னாடி உக்கார வச்சுட்டோம், வயித்துல பசிய வச்சுக்கிட்டு வீட்டுக்கு சமைக்கறத பத்தி பேசச் சொன்னோம். நோன்புக் கஞ்சில உப்பு எப்டி பாப்பீங்கன்னு சிவராத்திரி விரதக்கார அம்மா கேக்க, "கொதிக்கற வாசனையிலயே தெரிஞ்சிடும்மா"ன்னு நோன்பு வச்ச அம்மா சொல்ல, தவக்காலத்துல கறி எடுக்காத அக்கா "நானும் கொழம்ப மோந்துதான் பாப்பேன்"னாங்க. "இன்னாப்பா, நாளைக்கும் அவங்க வருவாங்களா"ன்னு பேர்ணாம்பட்டு ரோட்டு டீக்கடையிலேருந்து கேட்டாங்க, வந்தாங்க.

குறையும் சொல்லணும். நம்மள மாதிரி சமுதாய வானொலிக்கு அனுமதி 100 வாட், டவர் 30 மீட்டருக்கு மேல கூடாது, எஃப்எம் அலை மலைய தாண்டி வளையாது, வேலூர சுத்தி மலைதான். அதனால மலைக்கு பின்னாடி இருக்கற நம்ம மெம்பருங்களுக்கே கொரகொரன்னுதான் கேக்குது, மாச சந்தா கட்டிட்டு கேக்க முடியாம இருக்கறது எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. அவங்களுக்காக மொபைல்ல கேக்கற மாதிரி ஆன்லைன்ல போட்டிருக்கோம், வயசானவங்களுக்கு அத வச்சுக் கொடுக்க தெருவுக்கு ஒரு பையனோ பொண்ணோ வேணும். கோடையில இடி விழுந்து டிரான்ஸ்மிட்டர் கெட்டுப்போய் ரெண்டு வாரம் ஒண்ணுமே ஒலிபரப்பல, சரி பண்ண ஒத்துக்கிட்டவங்க இன்னிக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சாங்க, இடிய தரைக்குள்ள இறக்கற எர்த்திங் இப்ப புதுசா போட்டாச்சு.

விளம்பரம் மணிக்கு 7 நிமிஷம்னு இருந்தத 2024ல அரசாங்கம் 12 நிமிஷமா ஆக்குச்சு, நாம அதுல பாதி கூட எடுக்கல. கடைக்காரங்க கிட்ட போய் கேக்க ஆள் இல்ல, அதுதான் காரணம். எந்த மதத்தயும் தாக்கி ஒரு வார்த்தை வரக்கூடாதுங்கறது சட்டத்துலயும் இருக்கு, நம்ம ரூம் செவுத்துலயும் ஒட்டியிருக்கு. இந்த வருஷம் அப்டி ஒரு புகாரும் வரல.

அடுத்ததா பாட்டிங்க பாடற தாலாட்டு, ஒப்பாரி, கும்மி ரெக்கார்ட் பண்ணப் போறோம், எந்த வீடா இருந்தாலும் சரி. பாடத் தெரிஞ்சவங்க இருந்தா பேர் கொடுங்க, வர முடியலன்னா மைக்க நாங்களே எடுத்துட்டு வர்றோம். வரவு செலவ பொருளாளர் இப்ப வாசிப்பாரு.

செயலாளர்
வேலூர்