முறைப்பாடே வருவதில்லை என்று மகிழும் கொழும்பு முகாமையாளர்களுக்கு

மதிப்புக்குரிய நிறுவன உரிமையாளர்களே, முகாமையாளர்களே,

கிராண்ட்பாஸில் ஒரு களஞ்சியத்தில் 11 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். போன வருடம் எங்கள் போர்க்லிப்ட் ராக்கையில் மோதி, பெட்டிகள் சரிந்து, கீழே நின்ற ஒருவரின் கால் முறிந்தது. பிரேக் சரியாகப் பிடிப்பதில்லை என்பது ஓட்டுகிற தம்பிக்கு மூன்று கிழமைக்கு முன்பே தெரியும். ஹட்டனிலிருந்து வந்த பிள்ளை. ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்மாவ ஆஸ்பத்திரியில வச்சிருந்த நேரம் ரெண்டு நாள் லீவு கேட்டேன் அக்கா. மனேஜர் எல்லாருக்கும் முன்னால ஏசினாரு. இதப் போய்ச் சொன்னா, நீதான் உடைச்சேன்னு சொல்வாரு."

லீவுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களுக்குத் தோன்றலாம். அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். தன் தாயின் வருத்தத்தைக் காது கொடுத்துக் கேட்காத மனிதர், பிரேக்கைப் பற்றிச் சொன்னால் மட்டும் கேட்பாரா?

முன்பிருந்த முகாமையாளர் என் மாமியாரின் செத்தவீட்டுக்கு வந்து, ஒரு மணி நேரம் வாசலில் கதிரையில் இருந்துவிட்டுப் போனார். கோபக்காரர்தான், சத்தமும் போடுவார். ஆனாலும் அவர் காலத்தில் கூரை ஒழுகினாலும் சரக்குக் குறைந்தாலும் அன்றைக்கே அவர் காதுக்குப் போய்விடும். அவர் விஷயத்தைப் பிடிப்பாரே தவிர, சொன்னவனைப் பிடிக்கமாட்டார்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் அமெரிக்க ஆஸ்பத்திரி வார்டுகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்து 1996இல் எழுதினார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். ஆனால் பதிவான பிழைகள் அங்கேதான் அதிகமாக இருந்தன. அங்கிருந்த தாதியர் பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட காரணம். அதனால்தான், "இந்த வருடம் ஒரு முறைப்பாடும் இல்லை" என்று நீங்கள் கூட்டத்தில் வாசிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

தமிழ் ஆட்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. படிவம் ஆங்கிலத்தில், கூட்டம் சிங்களத்தில். அரைகுறையாகச் சொல்லி மாட்டிக்கொள்வதைவிட வாயை மூடிக்கொண்டிருப்பது மேல் என்று பலர் இருந்துவிடுகிறார்கள்.

2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், லஞ்சத்தைப் பற்றித் தகவல் கொடுப்பவருக்குப் பாதுகாப்புத் தருகிறது. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்ல வருபவனுக்கு நீங்கள்தான் பாதுகாப்பு.

படிவத்தைத் தமிழிலும் அடியுங்கள். ஒருவர் குறை சொன்னால், என்ன செய்தீர்கள் என்பதை ஒரு கிழமைக்குள் அவரிடமே வந்து சொல்லுங்கள். மேற்பார்வையாளருக்குப் பதவி உயர்வு கொடுக்குமுன், அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களிடம் தனியாகப் பேசிப் பாருங்கள். வீட்டில் வருத்தம், சாவு என்று லீவு கேட்டு வருகிறவரை முதலில் உட்காரச் சொல்லுங்கள்.

அந்தத் தம்பி இன்னும் எங்களோடுதான் இருக்கிறான். லொறி டயர் ஒன்று தேய்ந்துபோயிருப்பதைப் போன கிழமை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னான். நான் மேலே சொன்னேன். தன் பெயரை மட்டும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான்.

இப்படிக்கு,
கிராண்ட்பாஸ் களஞ்சிய ஊழியர் ஒருவர்