அந்த டிவி வால்வுகளை விட்டுவிடாதே

அன்பு மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. நீ கட்டப்போகும் ஆம்ப்ளிஃபயருக்காக நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரப் பழைய சாமான் சந்தையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த வால்வின், அதாவது வெற்றிடக் குழாயின், கண்ணாடி மேல் எழுதியிருப்பது பி.சி.எல். 86. டிவி வால்வு, யாரும் சீண்டுவதில்லை என்று கடைக்காரர் சொன்னாராமே? அதனால்தான் வாங்கச் சொல்கிறேன். பிலிப்ஸ் பிறந்த ஊரில் இது கிடைப்பதில் ஆச்சரியமும் இல்லை.

ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வு அது. ஒன்று சிக்னலைப் பெருக்கும் டிரையோடு (மூன்று மின்முனை), பெருக்கக் காரணி 100, கிட்டத்தட்ட ஈ.சி.சி. 83 என்ற இரட்டை டிரையோடு வால்வில் பாதி என்று வைத்துக்கொள். இன்னொன்று ஸ்பீக்கரை ஓட்டும் பென்டோடு (ஐந்து மின்முனை), 9 வாட் வெப்பம் தாங்கும். 250 வோல்ட், 7 கிலோஓம் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கொடுத்தால் ஒரு வால்விலேயே 4 வாட் வரும். ஸ்டீரியோவுக்கு இரண்டு போதும். உன் அறைக்கு 4 வாட் தாராளம். ஈ.சி.சி. 83, ஈ.எல். 84 என்று எல்லாரும் துரத்தித் துரத்தி விலையை ஏற்றிவிட்டார்கள், நீ அந்தக் கூட்டத்தில் சேராதே.

இது ஏன் மலிவு என்றால், முதல் எழுத்துதான் காரணம். 'ஈ' என்றால் ஹீட்டருக்கு, அதாவது வால்வைச் சூடாக்கும் இழைக்கு, 6.3 வோல்ட். 'பி' என்றால் 300 மில்லிஆம்பியர். டிவிக்குள் எல்லா ஹீட்டரையும் கோயில் திருவிழா சீரியல் செட் போல வரிசையாகக் கோத்திருப்பார்கள். இதற்கு மட்டும் சுமார் 14 வோல்ட் வேண்டும், 6.3 வோல்ட் செட்டில் அப்படியே ஓடாது. மற்றபடி இதன் 'ஈ' வகையான ஈ.சி.எல். 86-க்கும் இதற்கும் கால் வரிசை ஒன்றே. ஆனால் பி.சி.எல். 82 கிடைத்தால் இதே சாக்கெட்டில் செருகிவிடாதே. ஒன்பது கால் என்பதால் அழகாக உட்காரும், உள்ளே பல இணைப்புகள் வேறு.

இப்படி ஒன்றுக்குள் பலவற்றை அடைப்பது பழைய வித்தைதான். ஜெர்மனியில் லோவே கம்பெனி 1926-இலேயே மூன்று டிரையோடுகளை, ரெசிஸ்டர் கண்டன்சரோடு சேர்த்து, ஒரே வால்வில் போட்டது. இதில் ஒரு தொல்லையும் உண்டு. ஒரு பாதி போனால் மொத்தமும் போச்சு.

செட் ஓட ஆரம்பித்ததும் பென்டோடின் கேதோடு, அதாவது 7-ஆவது காலில், வோல்டேஜ் பார். 170 ஓம் ரெசிஸ்டர் போட்டிருந்தால் 7 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். அப்புறம் 8-ஆவது காலில், அதாவது பென்டோடுக்குச் சிக்னல் போகும் கிரிட்டில், பார். அங்கே பாசிட்டிவ் டிசி ஏறினால் பெரும்பாலும் டிரையோடிலிருந்து சிக்னலை மட்டும் கடத்த வேண்டிய கப்ளிங் கண்டன்சர் ஒழுகுகிறது; உடனே அணை, இல்லாவிட்டால் பிளேட் சிவந்துவிடும். அணைத்த பிறகும் பவர் சப்ளை கண்டன்சரில் சார்ஜ் நிற்கும், மீட்டரில் பார்க்காமல் உள்ளே கை வைக்காதே. இதை மட்டும் அம்மா பெரிய எழுத்தில் எழுதச் சொன்னாள்.

சனிக்கிழமை சந்தைக்குப் போனால் குறைந்தது நான்கு எடு. கண்ணாடிக்குள் உச்சியில் வெள்ளிப் பூச்சு பளபளவென்று இருக்க வேண்டும். பால் மாதிரி வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, காசில்லாமல் கொடுத்தாலும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா