எட்டாவது சுரம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நான்கு முறை கேட்டேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. ஆனாலும், "ஜாஸ் மாதிரியே இல்லையம்மா" என்று நீ எழுதியிருந்தது முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. நீ விட்டுப்போன கீபோர்டைத் துடைத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்தேன். நாற்பது வருடம் வீணை மீட்டிய விரல்கள் கட்டை தேடித் தடுமாறின. காது தடுமாறவில்லை.

சி7 கார்டுக்கு (சி, ஈ, ஜி, பி பிளாட் நான்கும் சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) நீ வாசிப்பது நம் ஹரிகாம்போஜி ராகம்தான்: சி, டி, ஈ, எஃப், ஜி, ஏ, பி பிளாட். ஏழு சுரங்கள். ஒரு தட்டுக்கு இரண்டு சுரமாக, மேல் சட்ஜமான சி-யிலிருந்து இறங்கிப் பார். தட்டில் விழுபவை சி, ஏ, எஃப், டி. கார்டுக்கு உயிரான ஈ, ஜி, பி பிளாட் மூன்றும் தட்டுக்கு நடுவே நழுவிவிடுகின்றன. கீழ் சட்ஜமும் தட்டில் வந்து அமரவில்லை. குறை இங்கேதான் இருக்கிறது, உன் விரலில் இல்லை.

1940களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி போன்ற கலைஞர்கள் வாசித்த பீபாப் என்ற ஜாஸ் பாணியில், சி-க்கும் பி பிளாட்டுக்கும் நடுவே பி-யும் நுழைகிறது. பின்னால் பாடம் வகுத்தவர்கள் இந்த எட்டுச் சுர வரிசைக்கு பீபாப் ஸ்கேல் என்றே பெயர் வைத்தார்கள். இப்போது இறங்கு: சி, பி, பி பிளாட், ஏ, ஜி, எஃப், ஈ, டி. தட்டில் விழுபவை சி, பி பிளாட், ஜி, ஈ. முழுக் கார்டும் தாளத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது! அடுத்த தட்டில் கீழ் சட்ஜம். இதைக் கண்டுபிடித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

காம்போஜியில் "ச நி ப த ச" என்று நீ பாடிய காகலி நிஷாதம் நினைவிருக்கிறதா? இந்த பி-யும் அதே சுரம்தான். ஆனால் அங்கே அது ராகத்துக்கே அழகு. இங்கே கால் வைத்துக் கடக்கும் படி மட்டும், அதில் நிற்காதே.

வலது கையில் சி-க்குச் சுண்டுவிரல். அங்கிருந்து வரிசையாக இறங்கினால் பி பிளாட் நடுவிரலுக்கும் ஜி கட்டைவிரலுக்கும் வரும். அதன்மேல் மோதிரவிரலைத் தாண்டிப் போட்டு எஃப்-ஐத் தொடு. இடது கையில் ஈ, பி பிளாட் இரண்டு மட்டும் போதும். தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 50 தட்டு என்று வைத்து, அது தட்டுவதை இரண்டாவது, நான்காவது தட்டாக எண்ணு. முதல் நாள் எரிச்சல் வரும். விடாதே. சட்ஜத்திலிருந்தே எப்போதும் தொடங்காமல், பி பிளாட்டிலிருந்தும் ஜி-யிலிருந்தும் ஈ-யிலிருந்தும் தொடங்கு. தொடங்கும் சுரம் தட்டில் விழும்படி மட்டும் பார்த்துக்கொள்.

நீ இருக்கும் டெட்ராய்ட்டில்தான் 1929இல் பாரி ஹாரிஸ் பிறந்தார். பியானோக் கலைஞர். இந்த அரைச்சுரக் கணக்கைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொடுத்தவர், 91 வயதில் மறைந்தார். அவர் வகுப்புகளின் காணொளிகள் கிடைக்கின்றன. ராத்திரி சாப்பிட்டபிறகு ஒன்றாவது பார்.

சி7 கைக்கு வந்ததும் எஃப்7, ஜி7. மூன்றும் இருந்தால் பன்னிரண்டு பார் ப்ளூஸ், அதாவது பன்னிரண்டு தாளச் சுற்றில் அமையும் ப்ளூஸ் பாட்டு, வாசித்துவிடலாம். சனிக்கிழமை அழைக்கும்போது போனைப் பியானோ மேல் வை. நான் இங்கே தாளம் போடுகிறேன்.

அன்புடன்,
அம்மா