ஈஸ்ட்வில் கோர்ட்டுக்குப் போகும் முன் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். போனில் இதைப் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய், எனக்கும் குரல் உயர்ந்துவிடும். அதனால் பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, மத்தியானம் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வர்ஜீனியாவில் வேகமாகப் போனதற்குப் போலீஸ் உனக்குக் கொடுத்த தாளை நீ தங்கச்சிக்கு அனுப்பினாயே, அதன் போட்டோவை அவள் எனக்குக் காட்டிவிட்டாள். அவளைத் திட்டாதே. இரண்டு நாள் மனசுக்குள்ளேயே வைத்திருந்து, மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தவள் அழுதுவிட்டாள். போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். நீ போன வேகம் 79 மைல் என்று எழுதி, பக்கத்தில் போர்டு வேகம் 55. அதற்குக் கீழே சட்ட எண் 46.2-862. "ஃபைன் கட்டிட்டா முடிஞ்சுடும், அப்பாகிட்ட சொல்லாதே" என்று சொன்னாயாமே. தம்பி, இது ஃபைன் கட்டி முடிகிற டிக்கெட் இல்லை.

வர்ஜீனியாவில் போர்டில் போட்ட வேகத்துக்கு மேல் 20 மைல் போனாலே ரெக்லஸ் டிரைவிங், அதாவது பொறுப்பில்லாமல் ஆபத்தாக ஓட்டியது. எந்த ரோடாக இருந்தாலும் 85-ஐத் தாண்டினாலும் அதேதான். உன்னுடையது 24 மைல் கூடுதல். அங்கே அது சாதாரண டிராஃபிக் தப்பு இல்லை, கிரிமினல் குற்றம். முதல் வகுப்பு மிஸ்டிமீனர் என்கிறார்கள், சிறு குற்றங்களில் கடுமையான வகை. சட்டப்படி அதிகபட்சம் 12 மாதம் ஜெயில், 2,500 டாலர் அபராதம், ஆறு மாதம் வரை லைசென்ஸ் நிறுத்தம். உன் வேகத்துக்கு ஜெயில் வரை போகாது என்றுதான் விசாரித்த இடத்தில் எல்லாம் சொல்கிறார்கள். ஆனால் தீர்ப்பு உனக்கு எதிராக வந்தால் லைசென்ஸில் ஆறு கறுப்புப் பாயின்ட், அங்குள்ள ரெக்கார்டில் 11 வருஷம். உனக்கு இப்போது 22. கணக்குப் போட்டுப் பார்.

அன்றைக்கு ராத்திரியை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. சாயந்திரம் ஆறு மணிக்குக் கிளம்புகிறேன் என்றாய். கும்பகோணத்திலிருந்து பாட்டி வீடியோவில் வந்தாள், உன் முகத்தைப் பார்த்துவிட்டு வைக்க மனசில்லாமல் பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா இன்னும் இரண்டு தோசை என்றாள். ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய பொங்கல் கரும்பை நான்தான் இரண்டு துண்டாக நறுக்கிப் பின் சீட்டில் வைத்தேன், அதற்கு ஒரு கால் மணி. நீ வண்டியை எடுத்தபோது 12.15. காலை 6.30-க்கு நார்ஃபோக் கடற்படைத் தளத்தில் மஸ்டரில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும் என்று நீ எங்களிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நானே உன்னைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பேன். எங்கள் பங்கும் இதில் இருக்கிறது. அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே.

நீ எப்படி அந்த வேகத்துக்குப் போனாய் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாக ஸ்டியரிங் பிடிக்கிறவன் நான், ஊரில் பத்தொன்பது வருஷம், இங்கே அமெரிக்காவில் பதினொன்று. டர்ன்பைக் நெடுஞ்சாலையிலும் டெலவேரிலும் நாலு மணி நேரம் 65-இல் ஓடிவிட்டு, ரூட் 13-இல் 55 போர்டைப் பார்க்கும்போது வண்டி நின்றுவிட்டது போல் இருக்கும். கண் ஏமாற்றும். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வெற்று வயல், வளைவே இல்லாத ரோடு, விடிகாலை ஐந்து மணி இருட்டு. கால் தானாக அழுந்தும். அந்த ரோட்டில் நடுவிலிருக்கும் இடைவெளியில் ஒரு டிராக்டர் குறுக்கே வரும், கோழி ஏற்றிய லாரி திரும்பும், மான் பாயும். 55-லிருந்து 79 என்றால் வேகம் ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை, ஆனால் மோதினால் அதன் பலம் இரண்டு மடங்கு. மானைப் பார்த்து நீ பிரேக்கில் கால் வைப்பதற்குள் வண்டி 170 அடி ஓடியிருக்கும். போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பின் சீட்டைப் பார்த்து "இது என்ன?" என்று கரும்பைக் காட்டிக் கேட்டாராம், தங்கச்சி சொன்னாள். அவர் நிறுத்தினாரே என்று நான் சாமிக்கு விளக்குப் போட்டேன். இதைக் கோபத்தில் சொல்லவில்லை.

இனி செய்ய வேண்டியது. முதலில், உன் மேலதிகாரி சீஃபிடம் நீயே போய்ச் சொல். நாளைக்கே.

இதற்குத்தான் நீ பயப்படுகிறாய். இந்தக் கடிதமே அதற்காகத்தான். கடற்படையில் வெளியே போலீஸ் கிரிமினல் வழக்குப் போட்டால் மேலதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. உனக்கே தெரிந்திருக்கும். சொல்லாமல் இருந்து பிறகு எங்கிருந்தாவது அவர்களுக்குத் தெரிந்தால், வேகமாகப் போனது சின்னதாகிவிடும், மறைத்தது பெரிதாகிவிடும். ரகசிய வேலைகளுக்கான அனுமதிக்கு, அந்தச் செக்யூரிட்டி கிளியரன்ஸுக்கு, நிரப்பினாயே எஸ்.எஃப்.-86 படிவம், அதில் 300 டாலருக்குக் குறைவான சாதாரண டிராஃபிக் அபராதத்தை எழுத வேண்டாம் என்று இருக்கும். அதை நம்பி இதை விட்டுவிடாதே, இது கிரிமினல் சம்மன். கிளியரன்ஸ் பார்ப்பவர்கள் ஒரு வேகத்துக்காக ஒருவனை விலக்குவதைவிட, பொய்க்காக விலக்குவது அதிகம் என்பது என் எண்ணம்.

ஆனால் சொல்லும்போது அளந்து சொல். "இந்தக் குற்றச்சாட்டு வந்திருக்கிறது, இந்தத் தேதியில் கோர்ட்" என்பது போதும். எவ்வளவு வேகம், ஏன் போனாய், தூக்கமா என்றெல்லாம் இப்போது எழுதிக் கொடுக்காதே. அதை வக்கீலிடம் பேசிவிட்டுச் செய். உண்மையைச் சொல்வது வேறு, உன் வழக்கை நீயே எழுதிக் கொடுப்பது வேறு.

எனக்கு நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. நீ எட்டாவது படித்தபோது, கோயிலிலிருந்து திரும்பும் வழியில் நம் காரில் 17 மைல் கூடுதலாகப் போய் மாட்டினேன். சொந்த காராக இருந்தாலும் என் பஸ் லைசென்ஸில் ஏறும். 15 மைலோ அதற்கு மேலோ என்றால் பஸ் ஓட்டும் எங்களுக்குப் பெரிய குற்றம், மூன்று வருஷத்தில் இரண்டு என்றால் 60 நாள் பஸ்ஸைத் தொட முடியாமல் போகலாம். தண்டனை ஆனால் 30 நாளுக்குள் வேலை கொடுத்தவரிடம் சொல்லியாக வேண்டும். நான் 30 நாள் காத்திருக்கவில்லை. மறுநாள் காலை ஐந்தரைக்கே டிப்போவுக்குப் போய், சூப்பர்வைசர் அம்மா கதவைத் திறக்கும் வரை பனியில் நின்றேன். அவர் கோட்டைக்கூடக் கழற்றவில்லை, நான் சொல்லிவிட்டேன். இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து, என் எதிரிலேயே தேதி போட்டு, "சொன்னதற்கு நன்றி" என்றார். மூன்று நாள் ஷெட்டில் வண்டி கழுவினேன். நாலாம் நாள் அதே பஸ், அதே பிள்ளைகள். அந்தச் சாவி கையில் வந்தபோது எப்படி இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

மற்றதெல்லாம் வேலைகள்தான். நார்ஃபோக்கில் கடற்படையின் சட்ட உதவி அலுவலகம் இருக்கிறது. ஆலோசனைக்குப் பணம் வாங்க மாட்டார்கள். கோர்ட்டுக்கு உன்னோடு வந்து நிற்க மாட்டார்கள், அதற்கு வெளி வக்கீல் வேண்டும், அந்த மாவட்டத்தில் தினமும் நிற்கிறவராகப் பார். பணத்தைப் பற்றி யோசிக்காதே. சேமிப்பை எடுக்காமலே என்னால் முடியும். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு என்று ஒரு பாதுகாப்புச் சட்டம் உண்டே, அது காப்பாற்றும் என்று உன் நண்பன் யாராவது சொன்னால் கேட்காதே. அது சிவில் வழக்குக்கு, கிரிமினலுக்கு இல்லை. கப்பல் கிளம்பும் தேதி கோர்ட் தேதியோடு மோதினால், ஆர்டரைக் காட்டி வாய்தா கேட்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே. சொல்லாமல் போகாமல் இருந்தால் அது தனி வழக்கு. அந்தத் தாளில் நீ போட்ட கையெழுத்து குற்றத்தை ஒப்புக்கொண்டது இல்லை, வருகிறேன் என்று கொடுத்த வாக்கு.

காரின் ஸ்பீடோமீட்டரைச் சோதித்துச் சான்று வாங்கு. முள் குறைவாகக் காட்டினால் கோர்ட் அதைக் கணக்கில் எடுக்கும். எட்டு மணி நேர டிரைவிங் வகுப்பு ஒன்று இருக்கிறது, வக்கீல் சரி என்றால் கோர்ட் நாளுக்கு முன்பே முடித்துவிடு. ராடார் கருவியைச் சோதித்த சான்று ஆறு மாதத்துக்குள்ளாக இருக்க வேண்டும், அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். நீதிபதிக்கு மனசிருந்தால் இம்ப்ராப்பர் டிரைவிங், அதாவது சரியில்லாத ஓட்டம், என்று குறைக்கலாம். அது கிரிமினல் இல்லை, அதிகபட்சம் 500 டாலர், மூன்று பாயின்ட். அதற்கு இடம் இருக்கிறது என்று நம்புகிறேன். எதிராகவே வந்தாலும் பத்து நாளுக்குள் மேல் கோர்ட்டுக்குப் போகலாம், அங்கே முதலிலிருந்து விசாரிப்பார்கள்.

யூனிஃபார்மில் போகலாமா என்று கேட்டாயாம். சட்ட உதவிக்காரர்களைக் கேட்டுக்கொள். என் மனசுக்கு இஸ்திரி போட்ட சட்டையும் கறுப்பு பேன்ட்டும் போதும். கிரேட் லேக்ஸ் கடற்படைப் பயிற்சி முகாமில் அந்த வெள்ளை உடுப்பில் நீ வரிசையில் நின்றபோது, அத்தனை பிள்ளைகளில் உன்னைக் கண்டுபிடிக்க முடியாமல் அம்மா தவித்தாளே. அந்த உடுப்பைக் காட்டி இரக்கம் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை.

ஈஸ்ட்வில் சின்ன ஊர். 1632-லிருந்து இடைவெளி இல்லாமல் கோர்ட் பதிவேடு வைத்திருக்கும் ஊராம், இந்த நாட்டிலேயே பழையது. அந்தப் பதிவேட்டில் நம் குடும்பத்துப் பெயர் ஏறப்போகிறது என்று படித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதுவார்கள் என்பது இன்னும் முடிவாகவில்லை தம்பி.

மார்ச்சில் அந்த இரண்டு நாளுக்கு நான் லீவு சொல்லிவிட்டேன். முதல் நாள் பகலிலேயே கிளம்பி, 55 என்றால் 55-இல் வந்து, பக்கத்தில் மோட்டலில் தங்கிக்கொள்கிறேன். காலையில் நீ நார்ஃபோக்கிலிருந்து பாலம் தாண்டி வா. கோர்ட் வாசலில் எட்டரைக்கு நிற்பேன். உள்ளே பேச மாட்டேன், பின் பெஞ்சில் உட்கார்ந்துகொள்கிறேன்.

சீஃபிடம் சொன்ன உடனே எனக்கு ஒரு வரி அனுப்பு. பஸ் ஓட்டும்போது பார்க்க மாட்டேன், கடைசிப் பிள்ளை இறங்கியதும் பார்ப்பேன்.

உன் அப்பா