உயரப் பணிகளுக்கான பாதுகாப்பு வரைபடத்தைப் பொறியாளர் கையொப்பத்துடன் கட்டாயமாக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
கட்டுமானப் பணித்தளப் பொறியாளர்கள்

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
கட்டுமானப் பாதுகாப்புத் துறை

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: உயரத்தில் செய்யும் வேலைகளுக்கான பாதுகாப்பைத் திட்ட அனுமதியின் பகுதியாக்குதல், பொறியாளருக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் வழங்குதல் – தொடர்பாக.

வணக்கம். சாரத்துக்கும் சென்ட்ரிங்குக்கும் நடுவே அன்றாடம் வேலை பார்க்கும் பொறியாளர்கள் சார்பில் இந்த மனுவைத் தங்கள் பார்வைக்குச் சமர்ப்பிக்கிறோம்.

மாடியிலிருந்து ஒரு தொழிலாளி விழுந்துவிட்டால் அறிக்கையில் முதலில் ஏறுவது "பாதுகாப்பு பெல்ட் போடவில்லை" என்ற வரி. போட்டிருந்தால் "கொக்கியை மாட்டவில்லை" என்று எழுதுகிறார்கள். மாட்டுவதற்கு அங்கே என்ன இருந்தது என்று கேட்பவர் அரிது. ஸ்லாப் ஓரத்தில் பலகை பிரிப்பவர் கையில் கொக்கியோடு சுற்றிலும் பார்க்கிறார். நீட்டிக்கொண்டிருக்கும் தூண் கம்பிதான் கண்ணில் படுகிறது. அதன் மேல்முனை திறந்திருக்கிறது. இழுபட்டு வளைந்தால் கொக்கி நழுவிவிடும். அதை விட்டால் சாரத்துக் குழாய். அந்தச் சாரம் கட்டடத்தோடு சரியாகப் பிணைக்கப்பட்டிருக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டியவர் பொறியாளர்.

கொக்கிக்கு இடம் கிடைத்தாலும் கணக்கு உதைக்கலாம். பெல்ட்டோடு வரும் கயிறு வழக்கமாக 2 மீட்டர். விழும் வேகத்தைத் தாங்கிக்கொள்ள அதிலுள்ள அதிர்ச்சி தாங்கி 1.75 மீட்டர் வரை பிரிந்து நீளலாம். கயிறு சேரும் பெல்ட்டின் முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை சுமார் 1.5 மீட்டர். அதற்குக் கீழே 1 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஆக, கொக்கி மாட்டிய இடத்துக்குக் கீழே 6 மீட்டருக்கு மேல் வெற்றிடம் தேவை. முதல் தள ஓரத்தில், கால்மட்டத்தில் கொக்கியை மாட்டிய ஒருவருக்கு இருப்பதோ 3 மீட்டர் சொச்சம். எல்லாவற்றையும் முறைப்படி செய்த அவரும் கயிறு இறுகும் முன்பே தரையில் மோதுவார். கயிறு நிறுத்தும் கணத்தில் இழுவிசை, அதிர்ச்சி தாங்கி இருந்தாலே, 6 கிலோநியூட்டன் வரை போகலாம்; கிட்டத்தட்ட 600 கிலோ எடை. இதைக் கொத்தனாரோ சித்தாளோ கணக்குப் போட முடியாது. ஓரத்தில் கைப்பிடி வேலி போட்டு விழாமலே தடுப்பதா, கயிற்றைக் குட்டையாக்கி ஓரத்துக்கே போகவிடாமல் செய்வதா, தலைக்கு மேல் கொக்கி மாட்டப் பிணைப்புப் புள்ளி தருவதா என்பதை வரைபடத்தில் முடிவு செய்ய வேண்டும்.

பெல்ட்டால் ஒன்றுமே செய்ய முடியாத விபத்துகளும் உண்டு. 1978 ஏப்ரல் 27 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வில்லோ ஐலண்ட் மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரத்தின் சாரம் சரிந்து 51 தொழிலாளர்கள் இறந்தார்கள். அந்தச் சாரம் நின்றது தரையில் அல்ல. கோபுரச் சுவரிலேயே பிணைக்கப்பட்டிருந்தது. முந்தைய நாள் போட்ட கான்கிரீட் போதிய வலிமை பெறும் முன்பே அடுத்த சுற்று வேலையின் பாரம் அதன்மேல் ஏறியது என்பதே விசாரணையில் தெரிந்தது. கான்கிரீட் எப்போது பாரம் தாங்கும் என்று சோதித்துச் சொல்வது பொறியாளரின் வேலை. புதுக் கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுகளைப் பிரிக்கும் தேதியை மேஸ்திரியின் அனுபவத்துக்கு விட்டுவிடும் தளங்கள் இன்றும் இருக்கின்றன.

இது நாங்கள் புதிதாகக் கேட்பதும் அல்ல. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1988-ல் ஏற்ற 167-ஆம் உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு, கட்டுமானத்தை வடிவமைத்துத் திட்டமிடுவோர் தொழிலாளரின் பாதுகாப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்கிறது.

எனவே, இரண்டு தளங்களுக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்துக்கும், உயரப் பணிக்கான தனி வரைபடம் பொறியாளர் கையொப்பத்துடன் இல்லாமல் அனுமதி வழங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். சாரம் எங்கெங்கே கட்டடத்தோடு பிணைகிறது, கொக்கிக்கான பிணைப்புப் புள்ளிகள் எவை, ஓர வேலிக்கான குழாய்கள் கான்கிரீட் போடும்போதே ஸ்லாபில் எங்கே பதிகின்றன என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். கட்டடத்தின் குழாய்கள் மேலேற ஸ்லாபில் விடும் திறப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. அவற்றைப் பெரும்பாலும் ஆணியடிக்காத பிளைவுட்டால் மூடி வைக்கிறார்கள். யாரோ ஒருவர் பலகை தேவைப்பட்டு அதைத் தூக்குகிறார். பலகை கண்ணை மறைக்க, எடுத்து வைக்கும் அடுத்த அடி குழிக்குள் போகிறது. ஸ்லாப் கம்பி வலையைத் திறப்பின் குறுக்கேயும் ஓடவிட்டு, குழாய் ஏற்றும் நாளில் வெட்டிக்கொண்டால் இந்த மரணம் நேராது. செலவு சில கிலோ கம்பி.

முட்டுப் பிரிப்பதற்கும், புதுக் கான்கிரீட்டில் சாரம் பிணைப்பதற்கும் முன், தளத்திலேயே பதப்படுத்திய கான்கிரீட் கனசதுர மாதிரிகளின் சோதனை முடிவைப் பொறியாளர் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடச் செய்யுங்கள். பெல்ட்டில் தொங்குபவரைச் சில நிமிடங்களில் இறக்கும் ஏற்பாடும் அந்த வரைபடத்திலேயே இருக்கட்டும். தொங்கும் நிலையில் ரத்த ஓட்டம் தடைபட்டு, அதுவே உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இவை அனைத்தையும்விட நாங்கள் அழுத்திக் கேட்பது இதுதான். பொறியாளருக்குச் சம்பளம் தருபவர் ஒப்பந்ததாரர். "காற்று பலமாக இருக்கிறது, இன்று சாரத்தில் ஏற வேண்டாம்" என்று சொல்பவரின் வேலைக்கு உத்தரவாதம் இல்லை. பொறுப்பை மட்டும் எங்கள் தலையில் வைத்து அதிகாரத்தைத் தராவிட்டால், கையொப்பம் வெறும் மையாகிவிடும். எழுத்து மூலம் வேலையை நிறுத்தும் அதிகாரமும், அந்த உத்தரவின் நகல் அன்றே தங்கள் அலுவலகத்தை அடையும் வழியும், அதற்காக அவரை நீக்கினால் ஒப்பந்ததாரரின் உரிமம் மறுபரிசீலனைக்கு வரும் என்ற விதியும் வேண்டும். அதேபோல், கையொப்பமிட்டுவிட்டுத் தளத்துக்கே வராத பொறியாளர் மீது நடவடிக்கை எடுங்கள். அதை நாங்கள் எதிர்க்க மாட்டோம்.

சிறிய கட்டடங்களுக்கு இது சுமை என்ற மறுப்பு வரும். மூன்று மாடிக்கு இந்த வரைபடம் ஒரே தாளில் அடங்கும். மாதிரிக்கு ஒன்றை வரைந்து இத்துடன் இணைத்துள்ளோம். நேரில் விளக்க நேரம் ஒதுக்கித் தந்தால், சாரம் கட்டும் தொழிலாளர்கள் இருவரையும் உடன் அழைத்து வருகிறோம். பிணைப்புப் புள்ளி எங்கே இருந்தால் கைக்கு எட்டும் என்பதை அவர்கள் வாயால் கேட்பதே சரி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பணித்தளப் பொறியாளர்கள்

இணைப்பு: மூன்று மாடிக் கட்டடத்துக்கான உயரப் பணிப் பாதுகாப்பு மாதிரி வரைபடம்