பச்சையில் விழுந்த திட்டு

அன்புள்ள அம்மிணிக்கு,

அகமதாபாத்திலிருந்து நீ அனுப்பிய துணித்துண்டு நேற்று வந்து சேர்ந்தது. சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். சில இடத்தில் நீலம் தூக்கலாகவும் சில இடத்தில் மஞ்சள் தூக்கலாகவும் இருக்கிறது. மஞ்சள் சீராக ஏறி, டர்க்காய்ஸ் நீலம் மட்டும் கூடியும் குறைந்தும் ஏறியிருந்தால்தான் பச்சை இப்படித் திட்டுத் திட்டாகும். சாயப்பொடி மட்டம் என்று உங்கள் பட்டறையில் முடிவுகட்டியதாக எழுதியிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

சாயம் தண்ணீரில் கரைவதும், கரைந்தது தொட்டியெங்கும் பரவுவதும், பரவியது பஞ்சிழைக்குள் புகுவதும் வெவ்வேறு வேலைகள். ராகிக் கூழுக்கு உன் அம்மா மாவைக் கொதிநீரில் நேரே கொட்டுவதில்லை. கொட்டினால் கட்டியின் மேற்புறம் நனைந்து மூடிக்கொள்ள, உள்ளே மாவு உலர்ந்தபடியே கிடக்கும். சாயப்பொடியும் அப்படித்தான். முதலில் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்து, துணியில் வடிகட்டித்தான் தொட்டியில் சேர்க்க வேண்டும். ஆனால் கரையாத பொடி துணியில் புள்ளியாக விழும். நீ அனுப்பியதில் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆகவே தவறு கரைத்ததற்குப் பிறகு நடந்திருக்கிறது.

கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டுச் சாயம் விட்டால் அது இழை இழையாக இறங்கிச் சிறிது நேரத்தில் டம்ளரையே நிறமாக்குவதைப் பார்த்து, அதுதான் பரவல் என்று நாமெல்லாம் பள்ளியில் எழுதினோம். அதில் பெரும்பங்கு பரவல் அன்று; சாயக்கரைசல் தண்ணீரைவிடக் கனமானது என்பதாலும், நின்றதுபோல் தோன்றும் தண்ணீருக்குள்ளும் அசைவு இருப்பதாலும் உண்டாகும் ஓட்டம் அது. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று மோதித் தாமாக இடம்பெயர்வதே உண்மையான பரவல். அதற்கான விதியை அடால்ஃப் ஃபிக் என்பவர் 1855-இல் வகுத்தார். அது மிக மெதுவானது. அசையாத தண்ணீரில் சாயம் ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறக்குறையக் கால் மணி நேரம் ஆகும் என்றால், ஒரு சென்டிமீட்டர் பரவ அதைப்போல் பத்து மடங்கு அல்ல, நூறு மடங்கு, அதாவது ஒரு நாளுக்கும் மேல் ஆகும். இயந்திரம் துணியையும் தண்ணீரையும் ஓயாமல் ஓட்டுவது இதனால்தான். ஆனால் இழையை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்திலும் இழைக்குள்ளும் எந்தப் பம்பின் ஓட்டமும் எட்டாது. அங்கே சாயம் தானாகப் பரவித்தான் போக வேண்டும். டர்க்காய்ஸ், நடுவில் தாமிரம் உட்கார்ந்திருக்கும் பெரிய மூலக்கூறு. இந்த வகையைச் சேர்ந்த மற்ற பல சாயங்களுக்கு 60 டிகிரி போதுமானபோது இதற்கு 80 டிகிரி வைப்பதற்கு அந்தப் பருமன் ஒரு முக்கியக் காரணம்.

இனி, தொட்டியில் சாயத்தோடு சேர்க்கும் உப்புக்கு வருகிறேன். தண்ணீரில் நனைந்த பருத்திக்கும் எதிர்மின்னேற்றம், சாயத்துக்கும் எதிர்மின்னேற்றம். இரண்டும் ஒன்றையொன்று விலக்கும். உப்பிலுள்ள சோடியம் அந்த விலக்கலைத் தணித்துச் சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளுகிறது. உப்பு முழுவதையும் ஒரே தடவையில் கொட்டியதாக உன் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, என் கண் அங்கேதான் நின்றது. அப்படிக் கொட்டினால் சாயம் முதலில் எதிர்ப்பட்ட மடிப்பில் பாய்ந்து ஒட்டிக்கொள்ளும். டர்க்காய்ஸ் தனக்குள்ளேயே திரளவும் செய்யும். அது சீராகும் முன்பே சலவைச் சோடாவைப் போட்டால், சாயம் இருந்த இடத்திலேயே இழையோடு பிணைந்துவிடும்; பிறகு எவ்வளவு நேரம் ஓட்டினாலும் நகராது.

அந்த உப்பு துணியில் தங்குவதில்லை என்பதையும் நீ மறக்கக் கூடாது. அடர்ந்த நிறத்துக்கு லிட்டருக்கு 60 கிராம் போட்டால், அந்த 60 கிராமும் கழிவுநீரோடு வெளியே வரும். நம் திருப்பூரில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்பேட்டும் போட்டு நிறத்தை அடியில் படியவைத்தோம். தெளிந்த தண்ணீரைப் பார்த்துச் சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம். முழுதாகக் கரைந்த உப்பு படியாது, கண்ணுக்கும் தெரியாது. அது நொய்யல் ஆற்றில் இறங்கி, பாசனத்துக்கென்று 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சேர்ந்து, கீழேயுள்ள வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நானும் வேலையிழந்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பு நியாயமானது என்றே அன்றும் எண்ணினேன், இன்றும் எண்ணுகிறேன். பட்டறையில் உப்பை எடைபோடும்போது ஒரு கிராம்கூடக் கூடுதலாகப் போடாதே.

இதே பச்சையை அடுத்த முறை போடும்போது சாயத்தை மெதுவாக விடு. உப்பை மூன்று பங்காக்கி, முதலில் சிறிய பங்கும் கடைசியில் பெரிய பங்குமாக இடைவெளி விட்டுச் சேர். சோடா சேர்க்கும் முன் ஒரு துண்டு, சேர்த்து அரைமணி கழித்து ஒரு துண்டு, கழுவிக் காயவைத்தபின் ஒரு துண்டு என்று வெட்டி, ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறித்துத் தபாலில் அனுப்பு.

அன்புடன்,
அப்பா