பின் ஸ்வே பார்: ஞாயிறு பதிலில் பாதிதான் இருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் மோட்டார் பக்கத்தில் ஒரு தம்பி, ஆட்டோகிராஸ் என்கிற கோன் பந்தயம் ஓட்டுவதற்காக வேறு மாடல் காரின் பின் ஸ்வே பாரை, அதாவது இரண்டு பின் சக்கரங்களை இணைக்கிற கம்பியை, தன் காரில் மாட்டலாமா என்று கேட்டிருந்தார். தாராளமாக மாட்டலாம், வளைவில் வண்டி சாயாது, பிடிப்பு கூடும், தினசரி ஓட்டத்துக்கும் பாதுகாப்பு என்று நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். சாய்வு குறையும் என்பது சரி. பிடிப்பு கூடும் என்பது பாதி உண்மை. தினசரி ஓட்டத்துக்குப் பாதுகாப்பு என்பதைத்தான் என்னால் விட முடியவில்லை.

நான் தண்டையார்பேட்டைக்காரன். மெக்கானிக் இல்லை, துறைமுகத்தில் சரக்குக் கணக்கு பார்க்கிற வேலை. அப்பா அந்தக் காலத்தில் சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்தபோது சைக்கிள் மிதித்துப் போய்ப் பார்த்தவர், அந்தக் கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது. இப்போது டிராக் இருங்காட்டுக்கோட்டையில், எங்களுக்கு ஊரின் மறுகோடி. அதனால் எங்காவது காலி மைதானத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, கோன் அடுக்கி, ஒரு நேரத்தில் ஒரு கார் என்று நேரம் பார்த்து ஓட்டுகிற ஆட்டோகிராஸோடு என் ஆசை நின்றுவிட்டது. அந்தத் தம்பி கேட்ட அதே காரியத்தைச் செய்தவன் நான். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒருநாள் வந்த திசையையே பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

ஸ்வே பார் என்பது, நம் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்டெபிலைசர் ராடு என்பார்களே, அதுதான். இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் இணைக்கிற முறுக்குக் கம்பி. வளைவில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மொத்தம் எவ்வளவு பாரம் போகும் என்பது வண்டியின் எடை, உயரம், அகலம், வளைகிற வேகம் இதையெல்லாம் பொறுத்தது. கம்பியால் அதைக் குறைக்க முடியாது. இரண்டு பேர் ஒரு மூட்டையை முன்னும் பின்னும் பிடித்துத் தூக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், யார் பக்கம் எவ்வளவு கனம் என்பதைத்தான் இந்தக் கம்பி மாற்றும், மூட்டை அதேதான். பின்னால் தடித்த பார் போட்டால், இப்படி இடம் மாறுகிற பாரத்தில் பின் ஜோடி டயர் அதிகப் பங்கைச் சுமக்கிறது, வெளி டயர் நசுங்கும், உள் டயர் சில நேரம் தரையை விட்டே எழும்பிவிடும். பாரம் ஏறுகிற அளவுக்கு டயரின் பிடிப்பு ஏறாது என்பதால் இப்படி ஏறுமாறாகச் சுமக்கிற ஜோடிக்கு மொத்தப் பிடிப்பு குறைகிறது. அந்த மிச்சம் முன் ஜோடிக்குக் கிடைக்கிறது. முன் சக்கர இழுவைக் கார்கள் வளைவில் மூக்கை நேராக நீட்டிக்கொண்டு போகிற அண்டர்ஸ்டியர் நோய் உள்ளவை, அதனால் கோன்களுக்கு நடுவே இது அமிர்தம். ஸ்டியரிங்கைத் தொட்டால் மூக்கு உள்ளே வருகிறது. ஆக, பின்னாலிருந்து எடுத்து முன்னால் கொடுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

என் கார் ஒரு பழைய செடான். கம்பெனி போட்ட பின் பார் 16 மி.மீ. புதுப்பேட்டையில் அலைந்து, அதே கம்பெனியின் பெரிய மாடலில் இருந்து கழற்றிய 19 மி.மீ. பாரை வாங்கினேன். மூன்று மில்லிமீட்டரில் என்ன ஆகிவிடப் போகிறது என்று கடைக்காரரே சிரித்தார். விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 19ஐ 16ஆல் வகுத்து, வந்த எண்ணை நான்கு தடவை எழுதிப் பெருக்கிப் பாருங்கள், கிட்டத்தட்ட இரண்டு வரும். மற்ற அளவெல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டு மடங்கு விறைப்பு. உள்ளே குழாயாக இருக்கிறதே, லேசானதுதான் என்றும் ஏமாற வேண்டாம். 19 மி.மீ. பாருக்கு 4 மி.மீ. கனத்தில் சுவர் இருந்தால் எடையில் மூன்றில் ஒரு பங்கு குறையும், விறைப்பில் பத்தில் ஒன்றுதான் போகும். ஆனால் பாரின் கை, அதாவது இரு நுனியிலும் மடங்கி நிற்கிற பகுதி, நீளமாக இருந்தால் விறைப்பு இறங்கும், அதனால் விட்டம் அளக்கிற வெர்னியரோடு டேப்பையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டும்.

அப்புறம் மாட்டுகிற கதை. தம்பியின் கார் எது என்றுகூட நீங்கள் கேட்கவில்லை. இப்போது ஓடுகிற சின்னக் கார்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்னால் ட்விஸ்ட் பீம்தான், இரண்டு பின் சக்கரங்களையும் சேர்க்கிற ஒரே உத்திரம், அதுவே முறுக்கிக்கொண்டு பாரின் வேலையையும் பார்த்துவிடும், வேறு மாடல் பாரை அதில் எங்கே கொண்டுபோய் மாட்டுவது? எனக்கு இடம் இருந்தது, ஆனாலும் நேராக உட்காரவில்லை. பாரைப் பிடிக்கிற பழைய ரப்பர் புஷ்ஷில் புது பார் நுழையாது. பார் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு சேர்க்கிற லிங்க் ஓட்டைகள் இரண்டு விரல்கடை தள்ளி இருந்தன. பாரைச் சூடுபண்ணி வளைத்துத் தருகிறேன் என்றார் பட்டறை அண்ணன், நான் காலில் விழாத குறை. அது பதம் ஏற்றிய ஸ்பிரிங் எஃகு, வெல்டிங்கோ நெருப்போ பட்டால் பதம் போய்விடும், பிறகு ஒருநாள் படக்கென்று உடையும். வியாசர்பாடி லேத்தில் பிராக்கெட்டைத்தான் புதிதாகச் செய்தோம். மெல்லிய பாருக்காகச் செய்த தகடு இரண்டு மடங்கு இழுப்பைத் தாங்காமல் கிழியும் என்று உள்ளே ஒரு தகடு கொடுத்தோம். சக்கரம் தொங்கும்போது பார் சைலன்சர் குழாயில் இடித்தது, அதற்கு இன்னொரு நாள் போயிற்று. லிங்க் போல்ட்டைக் கடைசியாக முறுக்கும்போது வண்டி நான்கு சக்கரத்திலும் தன் எடையோடு நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜாக்கியில் தூக்கி வைத்து முறுக்கினால் புஷ் ரப்பர் திருகியபடியே இறுகி நிற்கும், சீக்கிரம் கிழியும்.

மைதானத்தில் அருமையாகப் போயிற்று. அதே பாரோடு மறுவாரம் வேலைக்கும் போனேன், சோம்பேறித்தனம். ஐப்பசித் தூறல், கன்டெய்னர் லாரிகள் சொட்டிய டீசல்மேல் முதல் தண்ணீர், எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்த வழுக்கல் தெரியும். வேகம் 50 இருக்கும். வளைவில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், யாராக இருந்தாலும் எடுப்பார்கள். எடை முன்னால் சாய்ந்தது, ஏற்கெனவே பிடிப்பைக் கடன் கொடுத்திருந்த பின்பக்கம் வழுக்கிச் சுற்றியது. கன்டெய்னர் வரிசை அன்று நகராமல் நின்றதால் நானும் சைக்கிள்காரரும் பிழைத்தோம். வரிசை நகரவில்லையே என்று திட்டாமல் இருந்த ஒரே நாள் அது. கம்பெனிக்காரர்கள் மூக்கு நேராகப் போகும்படி வண்டியைச் செய்வது ஓட்டத் தெரியாமல் இல்லை, பதறிக் காலை எடுக்கிறவர்களுக்காகத்தான்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இந்த பார் அதில் வருமா என்று வக்கீல்கள் பேசட்டும், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் அதுவரை காத்திருக்க மாட்டார். அதையும் நீங்கள் தொடவில்லை.

அடுத்த ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரி போதும்: பின் பார் பின்பக்கப் பிடிப்பைக் குறைத்துத்தான் வண்டியைத் திருப்புகிறது, மழைச் சாலைக்கு அதைக் கழற்றிவிடுங்கள். என்னுடையது இப்போது மாடிப்படிக்கு அடியில் கோணியில் சுற்றிக் கிடக்கிறது. ஓட்டம் இருந்தால் சனிக்கிழமை மாட்டுவேன், ஞாயிறு இரவே கழற்றிப் பழைய 16ஐப் போட்டுவிடுவேன். ஆறு போல்ட்டு, முக்கால் மணி நேரம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை